நீ இல்லாமல் வெளிவந்த பதிப்பு

போன திங்கட்கிழமை பழைய லேப்டாப் பையில் சார்ஜரைத் தேடியபோது கையில் ஓர் அட்டைத் துண்டு அகப்பட்டது. பழுப்பு நிறம், உள்ளங்கை அகலம். ஷூவின் முன்பக்கத் தோலை வெட்டுவதற்கான பேட்டர்ன். ஓரத்தில் உன் கையெழுத்தில் '42 – தப்பு' என்று எழுதி, கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட்டிருந்தாய். மூக்கருகே கொண்டுபோனேன். சொல்யூஷன் பசையின் வாசனை இன்னும் லேசாக இருந்தது. சார்ஜரை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்து, எழுதாமலே இருந்துவிட்டேன்.

ஆம்பூர் ஷூ ஃபாக்டரியில் நாம் வேலை பார்த்த காலம் அது. சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட் என்று போர்டு மாட்டிய அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பதும், யாராவது மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. நீ பேட்டர்ன் ரூமில் இருந்தாய். நீ பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒருநாள் இந்த அட்டையோடு என் அறை வாசலில் வந்து நின்றாய்.

"ஏ ஜோலார்பேட்டை, உன் கம்ப்யூட்டருக்கு ஷூ எப்படித் தைக்கறதுன்னு தெரியுமா தெரியாதா?"

"ஏன், இன்னா ஆச்சு?"

ஒரே ஓர் அளவுக்கு பேட்டர்ன் வரைந்து கொடுத்தால், மற்ற எல்லா அளவுகளுக்கும் அதைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் தரும் மென்பொருள் ஒன்றை உங்கள் அறையில் பயன்படுத்தினீர்கள். வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்தது. தைப்பதற்காக ஓரத்தில் விட வேண்டிய எட்டு மில்லிமீட்டர், நாற்பத்திரண்டாம் அளவுக்குப் போகும்போது ஒன்பதாகிவிடுகிறது என்று காட்டினாய்.

"கால் பெருசானா தையல் மெஷினும் கூடவே பெருசாவுமா? மெஷின்ல கைடு எட்டுலதானே நிக்கும்?"

அந்த மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம் என்று சொன்னேன். நீ நம்பவில்லை. "அப்போ இப்பவே தொற" என்றாய். மூன்று நாள் மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். உனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆயிரக்கணக்கான வரிகளில் நான் தொலைந்துபோயிருந்தபோது நீ கேட்ட ஒரு கேள்விதான் வழி காட்டியது. "ஓரத்தைச் சேர்த்த பிறகு பெருசாக்குதா, பெருசாக்கின பிறகு ஓரத்தைச் சேர்க்குதா?" அதுவேதான். இரண்டு வரிகள் முன்பின்னாக இருந்தன. நான் இடம் மாற்றினேன். நாற்பத்திரண்டு சரியாக வந்தது. என் தோளில் ஓங்கி அடித்தாய். படித்து வேலைக்கு வந்தவள் நான். அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு உன்னைப் பார்த்தேன்.

திருத்தத்தை அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கே அனுப்பினோம். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தவர்கள் பட்டியலில் நம் இருவர் பெயரும் வந்தது. நீ உன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இனிமே உலகத்துல யாரு இதை எறக்கினாலும் இந்தத் திருத்தம் போவுமா?"

"போகும்."

"யாரு செஞ்சாங்கன்னே தெரியாமலா?"

"தேடினா தெரியும்."

"தேவையில்ல. ஷூ கரெக்டா இருந்தா போதும்" என்றாய்.

அடுத்த இரண்டு வருஷத்தில் நான் ஃபாக்டரியை விட்டு வேலூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வந்தேன். நீ அதற்குள் நிரல் எழுதவே கற்றுக்கொண்டிருந்தாய். அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. எழுதியவர்கள் மென்பொருளை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த பதிப்பிலிருந்து நிரல் மூடப்படும், வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எத்தனையோ சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அதை நம்பியிருந்தன. இரண்டு அறையும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்துப் பெரிய ஃபாக்டரிகளுக்கு வெட்டிக் கொடுப்பவர்கள்.

போனில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாய். "நேத்து வரைக்கும் தொறந்து வெச்சிருந்தது எல்லார்துதானே? அதையும் பிடுங்கிக்க முடியுமா?"

"முடியாது. ஆனா அந்தப் பேரு அவங்களுது. வேற பேர்ல நாம தனியா வளர்த்துக்கலாம்." கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை ஃபோர்க் என்பார்கள் என்று சொன்னேன்.

"சரி, ஆரம்பி" என்றாய், டீ போடச் சொல்கிற மாதிரி.

'அடி' என்று பெயர் வைத்தது நீதான். அடின்னா உதைன்னு நினைப்பாங்கடி என்று நான் சிரித்தேன். "காலடின்னு நினைக்கறவன் நினைச்சுக்குவான்" என்றாய். முதல் வாரம் எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்தார்கள். நானும் செய்கிறேன், நானும் செய்கிறேன் என்று அத்தனை கடிதம். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நீ, நான், பிரேசிலிலிருந்து லூசியா என்று ஒரு பெண், நம் புதுப் பதிப்புகளை முதலில் வெட்டிப் பார்த்துச் சொல்லும் ஆம்பூர் யூனிட்காரர் பாஸ்கர் அண்ணன். அவ்வளவுதான் மிச்சம்.

பிரிந்து வருவது ஒரு நாள் வேலை, அதற்கப்புறம் உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விண்டோஸ் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் நம் பிரிண்ட் வேலை செய்யாது. நம் நிரல் நம்பியிருந்த வேறொரு நிரலை அதை எழுதியவர் பாதியில் கைவிட்டுவிடுவார். அந்த நிறுவனம் கோப்பு வடிவத்தை மாற்றியது. பெரிய ஃபாக்டரிகள் புது வடிவத்தில் அனுப்பும் பேட்டர்ன்களைச் சின்ன யூனிட்டுகளால் திறக்க முடியவில்லை. அதை நாமே உடைத்துப் படித்து எழுத வேண்டியிருந்தது. இலவசமாக வாங்கிக்கொண்டே திட்டி எழுதுகிறவர்களும் இருந்தார்கள். 'இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாதா' என்று ஒருவர் எழுதியதற்கு நான் காரமாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். நீ போனில் தடுத்தாய். "அவனுக்கு எங்கியோ வேலை நின்னு போயிருக்கும். அந்தப் பேஜார்ல கத்தறான். முதல்ல இன்னா நின்னுதுன்னு கேளு." கேட்டேன். உண்மையாகவே நின்றுபோயிருந்தது. ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பதில் எழுதினாய். அந்த நாட்களில் எனக்கு 'அடி' என்றால் நீதான். அது தப்பு என்று நீ மட்டும்தான் நினைத்தாய்.

'அடி' தொடங்கி நாலாவது வருஷம் ஒரு திங்கட்கிழமை நம் குழுவுக்கு ஒரு வரி எழுதினாய். 'இந்த வாரம் நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.' ஏன் என்று கேட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். போன் சுவிட்ச் ஆஃப்.

புதன்கிழமை காலை பாஸ்கர் அண்ணன் கூப்பிட்டார். "மேடம், புது வெர்ஷன்ல பிரிண்ட் போட்டா பத்து சென்டிமீட்டர் கோடு ஒம்போதே முக்கால்தான் வருது. நாலு தோலு வெட்டின பிறகுதான் பார்த்தேன். வேற யாராவது லாட்டையே வெட்டிடப்போறாங்க, சீக்கிரம் நிறுத்துங்க." அந்தப் பதிப்பில் தவறு செய்திருந்தது நான். ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டேன். ஆனால் வெளியிட முடியவில்லை. இது நம்முடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவி, ஒரு ரகசியக் கோப்பு, உன்னிடம் மட்டும்தான் இருந்தது. சரி, தவறான பதிப்பையாவது தளத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றால் அந்தப் பாஸ்வேர்டும் உன்னிடம்தான். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பேரணாம்பட்டு வரும் வரைக்கும் உன்னிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ வீட்டு முன்னறையில், ஒரு நோட்டில் என்னவோ எழுதியபடி உட்கார்ந்திருந்தாய். முகம் வெளுத்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன். பார்த்து என்ன?

"விளையாடறியா நீ? அங்க தோலு வெட்டிட்டு இருக்காங்க!"

விஷயத்தைச் சொன்னதும் உடனே எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, சாவியைப் போட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டாய். முடித்துவிட்டுத்தான் திரும்பினாய்.

"நான் இல்லன்னா எத்தினி எடத்துல நிக்குதுன்னு பாக்கணும்னு இருந்தேன். சாவி, பாஸ்வேர்டு, இதோட ரெண்டு."

"நீ எங்க போகப்போற? அந்தக் கம்பெனிக்கா?" மென்பொருளை வாங்கிய அந்த நிறுவனம் உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது எனக்குத் தெரியும். "போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. இப்படி எங்களை வெச்சு பரீட்சை எழுதாத."

நீ என்னைப் பார்த்தாய். மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டாய். உன் அம்மா டம்ளரோடு வந்தார். "டீ குடிச்சிட்டுப் போ பேட்டி" என்று, மகளே என்பதை உங்கள் வீட்டு உருதுவில் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

வாரம் முடிந்ததும் குழுவுக்கு ஒரு பட்டியல் அனுப்பினாய். 'நான் இல்லாவிட்டால் நிற்கும் இடங்கள்' என்று தலைப்பு. பதினொன்று இருந்தது. சாவி, தளத்தின் பெயர் உன் பெயரில் மட்டும் பதிவாகியிருப்பது, சோதனை ஓட்டும் கம்ப்யூட்டர் உன் மேஜைக்கு அடியில் இருப்பது, ஃபாக்டரி ஃபைல்களில் எது ஏமாற்றும் என்று உனக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த ஏழெட்டு மாதத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாய். மூன்று பேரிடம் மூன்று சாவி. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பதிப்பு வெளியாகும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாய், "லூசியாவுக்குத் தெரியும்" என்பாய். லூசியாவிடம் கேட்டால், நீ அவளை என்னிடம் கேட்கச் சொல்லியிருப்பதாகச் சொல்வாள். எரிச்சலோடு நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கோப்பு வைத்தாய். என்ன செய்கிறது என்று எழுதக்கூடாது, ஏன் அப்படிச் செய்தோம் என்றுதான் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் அதைப் படித்துவிட்டுத் தயங்காமல் கை வைத்தார்கள். நீ விலகுகிறாய் என்று எனக்குக் கோபம் இருந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, வேலூர் லாங் பஜாருக்கு வரச் சொன்னாய். தள்ளுவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவில் முன்னால் நடந்தாய். ஒரு கடையில் ஃபிளாஸ்க், அடுத்த கடையில் முன்பக்கம் பட்டன் வைத்த இரண்டு நைட்டி.

"யாருக்குடி இது?"

"எனக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு. புதன்கிழமை ஆபரேஷன்." கடைக்காரரிடம் திரும்பி, "இதுலயே கலர் கம்மியா இருக்கறது காட்டுங்க" என்றாய்.

சின்ன வயசுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு. ஒரு வருஷமாக மாடிப்படி ஏற முடியவில்லை. அந்த வாரம் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததற்கு முந்தின வாரம்தான் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடு பஜாரில் நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க எல்லாம் எனக்காகச் செஞ்சிருப்பீங்க. 'அடி'க்காகச் செய்ய மாட்டீங்க." என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாய். "அந்தக் கம்பெனிக்குப் பதிலே எழுதலடி நான். நீ அன்னிக்கு டீ குடிக்காம போய்ட்ட, அதான் எங்கம்மாவுக்கு இன்னும் வருத்தம்."

அந்த பஜாரிலேயே டீ வாங்கிக் கொடுத்தாய். அழுதுகொண்டே குடித்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் இருந்தாய். நான்காம் நாள் பேசினாய். அடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரம்மா குறட்டை விடுவதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று மார்பைப் பிடித்துக்கொண்டாய். ஒன்பதாம் நாள் காலை உன் அண்ணன் கூப்பிட்டார். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

பேரணாம்பட்டில் ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபின் நான் உன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்ல என்னமோ செஞ்சிட்டே இருப்பா. அது நல்ல வேலைதானே பேட்டி?" என்றார். நல்ல வேலைதான் என்றேன்.

அடுத்த பதிப்பு வெளிவர வேண்டிய நாள் இருபது நாளில் இருந்தது. எனக்கு லேப்டாப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை. கம்பெனி வேலையைச் செய்தேன், அடியின் பக்கம் போகவில்லை. தேதி நெருங்கியபோதுகூட, போகட்டும், தள்ளிப்போகட்டும் என்று விட்டுவிட்டேன். குறித்த நாள் காலையில் பழக்கத்தில் தளத்தைத் திறந்தேன். புதுப் பதிப்பு அங்கே இருந்தது. லூசியாவும், மூன்றாவது சாவியை வைத்திருந்த, நாங்கள் யாரும் நேரில் பார்த்திராத ஒரு புதியவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாஸ்கர் அண்ணன் வெட்டிப் பார்த்து, பத்து சென்டிமீட்டர் கோடு பத்தாகவே வருகிறது என்று எழுதியிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் மனசு சுருங்கியது. நீ இல்லை, நானும் இல்லை, அது பாட்டுக்கு வந்துவிட்டதே என்று. பிறகு அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கெங்கோ தங்கள் ஊரில் தங்கள் வேலைக்கு நடுவே உட்கார்ந்து, முகம் தெரியாத தையல்காரர்களுக்காகச் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள். எந்த யூனிட்டிலும் எந்த மெஷினும் நிற்கவில்லை. உடம்பு படியேற முடியாமல் இருந்த மாதங்களில் நீ என்ன கட்டிக்கொண்டிருந்தாய் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கண்ணீர் வரவில்லை. பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் முன்னால் நேபாளத்து மலையூர் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதினார். ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் ஷூ செய்பவர். இரண்டு காலும் ஒரே மாதிரி இல்லாதவர்கள்தான் அவரிடம் வருகிறார்கள். ஒரு கால் சூம்பியவர்கள், விபத்தில் பாதி பாதம் போனவர்கள். நம் நிரல் வலது காலை வரைந்தால் இடது காலை அதன் கண்ணாடி பிம்பமாக எடுத்துக்கொள்கிறது. அதைப் பிரித்து எழுதியிருக்கிறேன், பாருங்கள் என்று அனுப்பியிருந்தார். நம் அடித்தளத்திலேயே கை வைக்கும் மாற்றம். அத்தனை பேருக்கு நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஒருவருக்காக உடைப்பதா என்று தயங்கி, அந்தப் பகுதியின் 'ஏன்' கோப்பைத் திறந்தேன். நான் அதுவரை படித்திராத குறிப்பு உன் எழுத்தில் இருந்தது.

'இடது கால் வலது காலைப் போலவே இருக்கும் என்று வைத்திருக்கிறோம். ஃபாக்டரிக்கு இது போதும். ஆனால் இது உண்மையில்லை. ஒரு ஆளுக்கு மட்டும் ஷூ செய்கிறவர் ஒருநாள் வருவார். அன்றைக்கு இதை உடைக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.'

அவர் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், வந்தேன் என்றுதான் அவருடைய கடிதமே தொடங்கியிருந்தது.

லூசியா இரண்டு வாரம் சோதித்தாள். பாஸ்கர் அண்ணன் இடது முப்பத்தாறும் வலது முப்பத்தொன்பதுமாக ஒரு ஜோடி தைத்துத் தன் மேஜை மேல் வைத்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் தப்பாயிடுச்சா என்று கேட்கிறார்கள், இல்லப்பா, கரெக்டா வந்திருக்கு என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றார்.

இப்போது எனக்குத் தெரிந்ததை எழுதும்போது தெரியாததையும் அதே கோப்பில் எழுதுகிறேன். கம்பெனி வேலையில்கூட. கூட இருப்பவர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள். உன்னிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது இதுதான்.

மாற்றத்தை நான் ஏற்றுக்கொண்ட அன்று, பழைய குறிப்பை அழித்துவிடலாமா என்று நேபாளத்துக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதன் கீழே தேதி போட்டு, என் பெயர் போட்டு, ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

'வந்துவிட்டார்.'